அன்புக்கும் பயிற்சி வேண்டுமா?

இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஒரு தோட்டம். அங்குள்ள தொழிலாளர் குடியிருப்பை லயம் என்பார்கள். அந்த லயத்தின் கடைசி வீட்டில், எண்பது வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் தம் மகளுடன் வாழ்ந்து வந்தார். இலங்கை மலையகத்தில் பிறந்து, அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவர். இரண்டு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இளம்பெண்ணாக இருந்தபோது கப்பலேறி இந்தியா வந்து சேர்ந்தவர்.

முழங்கால் வலியால் அவருக்கு நடமாட்டம் குறைந்திருந்தது. ஞாபகமும் தடுமாறத் தொடங்கியிருந்தது. வீடு தேடிச் சென்று முதியோரைக் கவனிக்கும் குழு ஒன்று ஒருநாள் மாலை அவரைப் பார்க்கச் சென்றது. குழுவினர் நல்ல மனம் படைத்தவர்கள். அன்று ஏற்கெனவே பல வீடுகளுக்குச் சென்று களைத்திருந்தும், அந்த அம்மாளை விட்டுவிடக் கூடாது என்று வந்தவர்கள். இருட்டத் தொடங்கிய நேரம். ஜீப் வந்து நின்றது. ஒருவர் டார்ச் விளக்கை வாசலை நோக்கி அடித்தார். மற்றொருவர் படிவத்தைக் கையில் எடுத்துக் கேட்கத் தொடங்கினார்: "பேரு என்ன? எந்த வருஷம் வந்தீங்க? கார்டு இருக்கா? வீட்டுல எத்தனை பேரு?"

மூதாட்டி ஒவ்வொரு கேள்விக்கும் பணிவோடு பதில் கூறினார். பிறகு சுவரைப் பிடித்தபடி எழுந்து உள்ளே சென்றார். சிறிது நேரம் கழித்து வெளியே வந்தபோது நல்ல புடவை ஒன்றை உடுத்தியிருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. "நான் கெளம்பிட்டேங்க ஐயா. எம் மகளை மட்டும் இங்கேயே விட்டுடுங்க" என்றார்.

வந்தவர்கள் அவரை எங்கும் அனுப்பி வைக்க வரவில்லை. இரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தார்கள்.

இந்நிகழ்ச்சியை என்னிடம் கூறியவர் அந்தக் குழுவில் இருந்த செவிலியர். முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்கான பயிற்சிக் குறிப்புகள் சிலவற்றைத் தமிழில் ஆக்கித் தருமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். அப்பணியின் பொருட்டுப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதியிலும் இடுக்கியின் மலைப்பகுதியிலும் நடந்த வகுப்புகளில் நானும் ஒரு மாணவனைப் போல் அமர்ந்திருந்தேன். வகுப்பு முடிந்த ஒரு பிற்பகலில் அந்தச் செவிலியர் இதைச் சொல்லிவிட்டு, "நாங்க அன்போடதானே போனோம் சுவாமி? எங்கே தப்பு பண்ணினோம்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது எளிய கேள்விதான். ஆனால் அறவியலின் அடிப்படையான கேள்வி ஒன்று அதனுள் இருக்கிறது. நல்லெண்ணம் இருந்தால் போதாதா? அன்புக்கும் பயிற்சி வேண்டுமா? இதைச் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

இவர்கள் யார்?

முதலில், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாக அங்கே தோட்டங்களில் உழைத்து வந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று பாரதப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்ட அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை, 1974-இல் ஏற்பட்ட மற்றோர் உடன்பாட்டின்படி இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் பகிர்ந்துகொள்ளப்பட்டவர்கள் மனிதர்கள். அண்ணன் ஒரு நாட்டிற்கும் தங்கை ஒரு நாட்டிற்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக அவர்கள் பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டனர். நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தில் புனலூர்ப் பகுதியின் ரப்பர்த் தோட்டங்கள் என்று புகலிடங்கள் அமைந்தன. வண்டிப்பெரியாறு வழியாகச் சென்றால் காட்டின் நடுவே கவி என்னும் ஊர் வருகிறது. பத்தனம்திட்டை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், 1975-இல் தொடங்கப்பட்ட கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் வேலை பெற்றவர்களும் இவ்வாறு வந்தவர்களே. இன்று சுற்றுலாப் பயணிகள் கவியின் ஏரியையும் மூடுபனியையும் கண்டு மகிழ்கிறார்கள். அங்குள்ள முதியவர்களுக்கு அதே மூடுபனி, இளமையில் விட்டு வந்த வேறொரு மலையை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

இவர்கள் சட்டப்படி அகதிகள் அல்லர், தாயகம் திரும்பியோர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின்னர்ப் படகேறி வந்தவர்களே அகதிகள் எனப்பட்டனர். அவர்களிலும் மலையகத் தமிழர் கணிசமாக உள்ளனர். பாலக்காட்டு எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு, கோவையை அடுத்த பூலுவப்பட்டி ஆகிய இடங்கள் உட்பட, தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அவர்கள் வாழ்கின்றனர். 2021-இல் தமிழக அரசு இவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. 1983-இல் முப்பது வயதாக இருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். வேருடன் பெயர்ந்து வந்த ஒரு தலைமுறை இப்போது முதுமை அடைந்து நிற்கிறது.

அவர்களைக் கவனிக்கப் போகிறவர்களோ பெரும்பாலும் அந்த நாட்களுக்குப் பின்னர்ப் பிறந்த இளம்பெண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் அறுபது வயதைத் தாண்டியோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். இந்திய மாநிலங்களில் அதுவே மிக அதிகம். எனவே வீட்டுப் பராமரிப்பு என்பது அங்கே ஒரு பெரும் பணியாக வளர்ந்துள்ளது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் முதலியோரின் முயற்சியால் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. அண்டை வீட்டாரையே தொண்டர்களாகப் பயிற்றுவித்தது அதன் சிறப்பு. 2008-இல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. மலையிலுள்ள சாதாரணத் தொழிலாளியும் இன்று 'பாலியேட்டிவ்காரங்க வந்தாங்க' என்று உரிமையோடு சொல்கிறார்.

முதுமை செய்யும் வேலை

அந்த மூதாட்டி இந்தியா வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. குடியுரிமை உண்டு, ரேஷன் அட்டை உண்டு, வாக்குச்சீட்டு உண்டு. அப்படியிருக்க, இப்போது ஏன் இந்த அச்சம்?

நினைவு சிதையும்போது எல்லாம் ஒரே சமமாக அழிவதில்லை. அண்மைக்கால நினைவுகள் முதலில் கரைகின்றன. பழைய நினைவுகள் கடைசிவரை நிற்கின்றன. பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881-லேயே இதை எடுத்துரைத்தார். பின்னாளில் கற்ற மொழி நழுவிப்போக, தாய்மொழி மட்டும் எஞ்சுவதும் இதனால்தான். நேற்று வந்த செவிலியரின் முகம் மறந்துவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெயர்ப்பட்டியலோடு வந்து நின்ற அதிகாரியின் குரல் மறப்பதில்லை. இளமையில் உழைப்பும் பிள்ளை வளர்ப்பும் அந்த நினைவுகளின் மீது ஒரு பாறையை வைத்திருந்தன. முதுமை அந்தப் பாறையை அகற்றிவிடுகிறது.

நம் சாஸ்திரங்கள் சம்ஸ்காரம் என்று கூறுவதும் இத்தகையதே. அனுபவம் முடிந்துபோகிறது, அதன் பதிவு முடிந்துபோவதில்லை. விதைக்குள் மரம் இருப்பதுபோல் அது காத்திருக்கிறது. ஈரம் பட்டால் முளைக்கிறது. அன்று மாலை ஜீப்பின் ஓசையும் டார்ச் வெளிச்சமும் 'கார்டு இருக்கா?' என்ற கேள்வியும் அந்த ஈரமாயின.

மூன்று ஆட்சேபங்கள்

வகுப்பிலும் வெளியிலும் நல்லவர்கள் பலர் எழுப்பிய ஆட்சேபங்கள் மூன்று. அவை எனக்குள்ளும் இருந்தவையே.

முதலாவது: அன்புக்குப் பாடம் எதற்கு? தாய்க்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

உண்மையில், தாயைப்போல் பயிற்சி பெற்றவர் உலகில் வேறு எவரும் இல்லை. எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை காதுவலிக்கு என்பதைப் பிள்ளையின் முதல் அழுகையிலேயே அவள் அறிந்துவிடவில்லை. தன் தாயிடம் கேட்டு, அண்டை வீட்டுப் பாட்டியிடம் கேட்டு, இரவுகள் பல விழித்திருந்து கற்றுக்கொண்டாள். அன்பு அவளைக் கற்கச் செய்தது. கற்க வேண்டிய தேவையிலிருந்து அவளை விடுவித்துவிடவில்லை. பராமரிப்புப் பணியாளருக்கோ அத்தனை காலம் கிடையாது. எண்பது ஆண்டுகள் வாழ்ந்த, முன்பின் அறியாத ஒருவர் முன் சென்று நிற்கிறார். 'எனக்கு அன்பு இருக்கிறது, அது போதும்' என்று நாம் சொல்லும்போது, பிறரை நேசிப்பதைவிட நேசிக்கிற நம்மையே நாம் அதிகமாக நேசிக்கிறோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் வேதாந்தம் படித்தவர்களுடையது: எல்லா உயிரிலும் ஒரே ஆன்மா இருக்க, இவர் இலங்கையிலிருந்து வந்தவர், இவர் கேரளத்தவர், இவர் இன்ன துன்பம் பட்டவர் என்று பிரித்துப் பார்ப்பது ஏன்? சமதரிசனத்திற்கு அது முரண் அல்லவா?

கோயில் அர்ச்சகரை எண்ணிப் பாருங்கள். பரம்பொருள் ஒன்றே என்பதை அவர் அறிவார். ஆயினும் பிள்ளையாருக்கு அருகம்புல்லும், சிவபெருமானுக்கு வில்வமும், திருமாலுக்குத் துளசியும் எடுத்து வைக்கிறார். ஒருவர் அபிஷேகப் பிரியர், மற்றவர் அலங்காரப் பிரியர் என்பதைத் தெரிந்து நடக்கிறார். 'எல்லாம் ஒன்றுதானே' என்று கையில் கிடைத்ததைத் தூவிவிட்டுப் போனால் அதை யாரும் சமதரிசனம் என்று கூற மாட்டார்கள். சிரத்தைக் குறைவு என்றே கூறுவார்கள். சேவை வழிபாடே என்று நாம் உண்மையாகவே நம்பினால், ஒவ்வொரு முதியவருக்கும் உரிய முறையை அறிவது அந்த வழிபாட்டின் ஆகமம். பார்வையில் சமம், செய்கையில் அவரவர்க்கு உரியது.

மூன்றாவது ஆட்சேபம்: பழையதைக் கிளறுவானேன்? நடந்ததை மறந்து, பற்று விட்டு, இறைவனை நினைக்கச் சொல்வதல்லவா முதுமைக்கு நல்லது?

இதற்கு விடை சொல்லும்போது நான் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நான் வீட்டைத் துறந்தவன். ஆனால் என் வீட்டு வாசலில் யாரும் பட்டியலோடு வந்து நிற்கவில்லை. நானே விரும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். துறந்தவன் வேறு, பறிகொடுத்தவன் வேறு. இருவர் கையும் வெறுங்கைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பறிகொடுத்தவரிடம் போய்ப் பற்றின்மையைப் பற்றி உபதேசிக்கத் துறந்தவனுக்கு உரிமை இல்லை. மறதியை ஒருவர் மீது சுமத்த முடியாது. அச்சம் நீங்கினால் மனம் தானே அமைதியை நாடும். நாம் செய்யக்கூடியது, அச்சத்தைக் கூட்டாமல் இருப்பது மட்டுமே.

ஒரு சொல்லால் நேர்ந்த பிழை

ஆனால் இந்த ஆட்சேபத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. அதை எனக்கு உணர்த்தியது என் மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை.

முதியவரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறிவது பற்றிய பகுதிக்கு நான் 'வாழ்க்கை விசாரணை' என்று தலைப்பிட்டிருந்தேன். தத்துவம் படித்தவன் என்பதால், விசாரம், விசாரணை என்னும் சொற்கள் எனக்குப் புனிதமானவை. ஆன்ம விசாரம் என்பது ஞானநெறியின் வாயில் அல்லவா? வகுப்பில் அத்தலைப்பைப் படித்ததும் ஓர் இளம்பெண் எழுந்து நின்றார். அவருடைய தந்தை படகில் வந்து முகாமில் வளர்ந்தவர். "சுவாமி, இந்தச் சொல்லை மாத்திடுங்க. விசாரணைன்னு கேட்டாலே எங்க அப்பா அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு" என்றார்.

அன்று இரவு வெகுநேரம் அந்தச் சொல்லையே எண்ணிக்கொண்டிருந்தேன். அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு வழக்கும் தமிழில் உண்டு: நலம் விசாரித்தல். 'வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்கிறோம். எல்லையைத் தாண்டினால், மலையாளத்தில் 'விசாரிக்குக' என்பதற்கு நினைப்பது, எண்ணிப் பார்ப்பது என்று பொருள். ஒரே சொல்லுக்குள் மூன்று வாசல்கள் இருக்கின்றன. பயிற்சி என்பது இவற்றில் எந்த வாசல் வழியாக நுழைவது என்று அறிவதுதான். முதலில் நினைக்க வேண்டும். பிறகு நலம் விசாரிக்க வேண்டும். விசாரணை மட்டும் கூடாது.

துன்பப்பட்டவரின் கதையைத் தோண்டிக் கேட்டால் அவர் மனம் இலேசாகும் என்று நாம் எண்ணுகிறோம். எப்போதும் அப்படி ஆவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் களப்பணியாளருக்காக வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றே அறிவுறுத்துகிறது. அவர் பேசினால் கேட்பது நம் கடமை. பேசாதிருப்பது அவர் உரிமை. கதை தெரியாமலே ஒருவரைக் காயப்படுத்தாமல் கவனிக்க முடியும். அதற்கான அறிவே நமக்குத் தேவை.

பயிற்சி என்ன கற்பிக்கிறது?

வகுப்பில் கற்பிக்கப்பட்டவை சிறு சிறு விஷயங்கள். அவற்றில் சிலவற்றை இங்கே கூறுவது, தம் வீட்டிலேயே முதியவரைப் பேணும் அன்பர்களுக்கும் பயன்படும்.

கூடுமானவரை பகலில், நடந்து செல்ல வேண்டும். முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. வாசலில் நின்று பெயர் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் திரும்பிவிட வேண்டும். அடுத்த முறை அவர் 'வாங்க' என்று சொல்வதற்கு, அன்று 'வேண்டாம்' என்பது மதிக்கப்பட்டதே காரணமாகும். படிவத்தை முதல் நாளே நீட்டக் கூடாது. அடையாள அட்டையைப் பார்க்க நேர்ந்தால், ஏன் பார்க்கிறோம் என்று சொல்லி, அவர் கண்முன்னே திருப்பிக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு காகிதத்திற்காகப் பல ஆண்டுகள் அலைந்தவருக்கு, அக்காகிதம் பிறர் கையில் இருக்கும் ஒவ்வொரு கணமும் ஒரு யுகம்.

தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டோ அரிசியோ ஒளித்து வைத்திருந்தால் கடிந்துகொள்ளக் கூடாது. பசியைக் கண்டவர் நாளையை நம்புவதில்லை. பழையதை அவரிடம் சொல்லி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். குளிப்பாட்டுவது பலருக்கு மிக அச்சமான நேரம். ஆடையை ஒருவர் கட்டாயப்படுத்திக் களைவது எந்தப் பழைய கொடுமையை நினைவூட்டும் என்று நமக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு செய்கையையும் முன்கூட்டிச் சொல்லி, அவர் கையாலேயே தண்ணீர் மொள்ளச் செய்ய வேண்டும். கூட்டமாக வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பது வேண்டாம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டிலும், முகாமில் மாதாந்தர வருகைப் பதிவிலும் நின்று நின்று தேய்ந்த கால்கள் அவை.

ஐரோப்பாவில் யூதர்கள் அழிக்கப்பட்ட வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிக் கனடா சென்றவர்கள் முதியவர்களானபோது, டொராண்டோ நகரின் பேகிரெஸ்ட் முதியோர் மருத்துவமனையினர் இவற்றையே கண்டறிந்தனர். குளியலறையின் தண்ணீர்க் குழாய், சீருடை, வரிசை, ஒளித்து வைத்த ரொட்டி ஆகிய அனைத்தும் அங்கும் இருந்தன. நாடும் மொழியும் வேறு. அஞ்சும் மனம் ஒன்று. ஆன்மா ஒன்று என்று சொல்லும் நாம், அச்சமும் ஒன்றே என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. வாழ்நாள் முழுவதும் கங்காணிக்கும் துரைக்கும் அதிகாரிக்கும் 'சரிங்க ஐயா' என்றே பழகியவரின் சம்மதத்தை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மூதாட்டி அன்று எல்லாக் கேள்விகளுக்கும் பணிவாகப் பதில் சொன்னார். நல்ல ஒத்துழைப்பு என்று குழுவினர் எண்ணினர். அது ஒத்துழைப்பு அல்ல, அச்சம். வலி இருக்கிறதா என்று கேட்டால் 'இல்லீங்க' என்பதும் அச்சமாக இருக்கக்கூடும். எனவே, மறுப்பதற்கு இடம் தரும் வகையில் கேட்கக் கற்க வேண்டும். 'ஊசி போடலாமா?' என்பதைவிட, 'இன்று போடலாமா, நாளை வரட்டுமா?' என்பது மேல்.

பணியாளரின் பங்கு

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இவ்வளவு நுட்பத்தையும் யாரிடம் எதிர்பார்க்கிறோம்? மலையேறி இறங்கும் ஒரு பெண்ணிடம். தன் வீட்டிலும் ஒரு முதியவரை விட்டுவிட்டு வருபவளிடம். சேவை என்னும் உயர்ந்த சொல்லைக் காட்டி அவளுக்குரிய ஊதியத்தையும் ஓய்வையும் குறைப்பது சேவையை இழிவுபடுத்துவதாகும். பிறர் துயரத்தைத் தினமும் கேட்கும் மனத்திற்கும் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். களைத்த கை மென்மையாக இராது. பணியாளரைப் பேணாமல் முதியவரைப் பேண இயலாது என்பதும் பயிற்சியின் ஒரு பாடமே. இப்பாடத்தைக் கற்க வேண்டியவர்கள் பணியாளர்கள் அல்லர். அவர்களை அனுப்பும் நாம்.

ஒரு சாளரம்

இன்று உலகெங்கும் பரவியுள்ள வலி தணிப்புப் பராமரிப்பின் தொடக்கத்தில் ஓர் அகதி இருக்கிறார் என்பதைப் பலர் அறியார். போலந்தின் வார்ஸா நகரத்து யூதரான டேவிட் டாஸ்மா, உறவினர் எவருமின்றி லண்டன் மருத்துவமனை ஒன்றில் 1948-இல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். இலங்கையின் தோட்டத் தமிழர் நாடற்றவரான அதே ஆண்டு அது. சிசிலி சாண்டர்ஸ் என்னும் இளம் சமூகப் பணியாளர் அவரருகே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். இறப்போருக்கென ஓர் இல்லம் அமைக்கும் எண்ணம் அந்த உரையாடல்களில்தான் உருப்பெற்றது. அதற்கு ஒரு சாளரமாகத் தாம் இருக்க விரும்புவதாகக் கூறி, தம்மிடமிருந்த 500 பவுனை அவருக்கு விட்டுச் சென்றார் டாஸ்மா.

சிசிலி சாண்டர்ஸ் அத்துடன் நிற்கவில்லை. அன்பு தம்மிடம் இருக்கிறது என்று திருப்தி அடையவுமில்லை. முப்பது வயதைத் தாண்டியபின் மருத்துவம் படித்தார். அந்த அன்பைத் திறமையாக மாற்றப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 1967-இல்தான் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. உடல், மனம், உறவு, ஆன்மிகம் என நான்கு நிலைகளிலும் வேதனை உண்டு என்று அவர் உலகிற்குக் கற்பித்தார். யாருமற்ற ஓர் அகதியிடம் அவர் கற்ற பாடம் அது. அன்புக்குப் பயிற்சி வேண்டுமா என்னும் கேள்விக்கு அவர் வாழ்க்கையே விடை.

அஞ்சேல் என்னும் கை

பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது அபயம், அதாவது அஞ்சாமை. அச்சம் உள்ள இடத்தில் வேறு எந்த நற்பண்பும் வேர்கொள்ளாது. நடராஜப் பெருமானின் வலக்கை ஒன்று 'அஞ்சேல்' என்று உயர்ந்து நிற்பதை நாம் அறிவோம். அந்தக் கையை உற்றுப் பாருங்கள். உள்ளங்கை நம்மை நோக்கி விரிந்திருக்கிறது. அதில் ஆயுதம் இல்லை. ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. அது நம்மைப் பற்றி இழுப்பதுமில்லை. முதியவரைத் தொடுவதற்கு முன் நம் கை அப்படி இருக்க வேண்டும்.

அந்தச் செவிலியர் மூன்று நாள் கழித்து மீண்டும் அந்த லயத்திற்குச் சென்றார். இம்முறை காலையில், நடந்து, தனியாக. படிவம் பையிலேயே இருந்தது. செருப்பை வாசலில் விட்டார். வரலாமா என்று கேட்டார். உள்ளே சென்று தரையில் அமர்ந்து, "மலை ஏறி வந்தது தாகமா இருக்கு அம்மா. கொஞ்சம் சாயத்தண்ணி கிடைக்குமா?" என்றார். பால் கலக்காத தேநீரை அம்மக்கள் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பில் கற்ற சொல் அது.

மூதாட்டி அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மகளை அழைக்காமல் தாமே சுவரைப் பிடித்து எழுந்து அடுப்பருகே சென்றார். வெகுகாலமாகப் பிறர் கொடுப்பதை வாங்கிக்கொண்டே இருந்தவர் அன்று கொடுப்பவரானார். இருவரும் தேநீர் அருந்தினர். கொத்தமல்லி விலை பற்றியும் மழை பற்றியும் பேசினர். இலங்கை பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. செவிலியர் விடைபெற எழுந்தபோது, "கைல ஏதோ பட்டி கட்டிப் பார்ப்பீங்களே, அதைப் பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டு, மூதாட்டி தாமே கையை நீட்டினார்.

தகரப் பெட்டி அன்றும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் செவிலியர் சென்றபோது அதன்மேல் இரண்டு தேநீர்க் குவளைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.